பெருநாள் வரிசையில் கயிற்றுச் சாமி

கயிற்றுச் சாமி இஸ்லாத்துக்குப் போய்விட்டார் என்ற கதை, 1973ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் அன்று, தொழுகைக்குப் போனவர்கள் வீடு திரும்புவதற்குள் திருகோணமலைப் பட்டினம் முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. மீன் சந்தையில் அவருக்கு இப்றாஹீம் என்று பெயர் வைத்திருந்தார்கள். தேத்தண்ணிக் கடையில் இஸ்மாயில். பஸ் நிலையத்துக்குக் கதை வந்து சேர்ந்தபோது மூதூரில் பெண்ணும் பார்த்தாகிவிட்டது. பிறப்புப் பதிவில் ஓர் எழுத்தைத் திருத்துவதற்கே ஆளை வருடக்கணக்காக நடக்கவைக்கிற ஊரில், ஒரு மனிதனுக்கு ஒரே காலையில் இரண்டு பெயரும் ஒரு மனைவியும் கிடைத்தது பெரிய காரியம்தான்.

கதை எங்கே பிறந்தது என்று விசாரித்துக்கொண்டு போனால், வழி மூதூர் லாஞ்சி புறப்படும் இறங்குதுறையில் போய் முடிகிறது. அங்கே ரிக்கெற் கிழிக்கிற கனகரத்தினம்தான் அதைப் பெற்றவர்.

“கண்ணாலை கண்டனான். சும்மா சொல்லேல்லை.”

“எதைக் கண்டனீங்கள்?”

“ஸைனுலாப்தீன் ஹாஜியார் வீட்டு வாசல்லை, தலையிலை தொப்பியோடை, முஸ்லிம் பொம்பிளையளுக்குப் பின்னாலை வரிசையிலை நிண்டார்.”

“முகத்தைக் கண்டனீங்களோ?”

“முகம் என்னத்துக்கு? இடுப்பிலை கயிறு கட்டிக்கொண்டு திரியிறவர் இந்தப் பட்டினத்திலை எத்தினை பேர்?”

கனகரத்தினத்தைக் குறை சொல்ல முடியாது. கயிறு உண்மை. தொப்பி உண்மை. வரிசையும் உண்மை. மிச்சத்தை மட்டும்தான் அவர் கைக்காசு போட்டுச் சேர்த்திருந்தார்.

கயிற்றுச் சாமி என்று ஊர் அழைத்தது சகோதரர் இக்னேசியஸை. பாலையூற்றில் பிறந்தவர். தகப்பன் துறைமுகத்தில் வெள்ளைக்காரனின் கப்பல்களுக்குப் பெயின்ற் அடித்தவர். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடம் மகன் தன்னுடைய சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டுத் துறவற சபையில் சேர்ந்தார். மண்ணிற அங்கியும், இடுப்பில் மூன்று முடிச்சுப் போட்ட வெள்ளைக் கயிறும் கிடைத்தன. ஏழ்மைக்கு ஒரு முடிச்சு, கற்புக்கு ஒன்று, கீழ்ப்படிவுக்கு ஒன்று. ஏழ்மை அவருக்குப் புதிதல்ல. அதைப் பழக மடத்துக்குப் போகத் தேவையில்லாத வீட்டில் வளர்ந்தவர்.

கணக்குப் படிப்பித்தார். பின்னத்தைப் பாண் வெட்டிக் காட்டித்தான் விளங்கப்படுத்துவார். பாடம் முடிந்ததும் பின்னங்களைப் பிள்ளைகள் தின்றுவிடுவார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் பள்ளிக்கூடங்களை எடுத்தபோது, கட்டடமும் மேசை வாங்குகளும் போய், சபையிடம் ஒரு விடுதி மட்டும் மிஞ்சியது. அதில் குச்சவெளி, சம்பூர்ப் பக்கத்துப் பையன்கள் இருந்தார்கள். அவர்களுடைய ஊர்ப் பள்ளிக்கூடங்கள் ஐந்தாம் வகுப்போடு களைத்துப்போய் நின்றுவிடும். பட்டினத்தில் தங்கினால்தான் மேலே படிக்கலாம். இக்னேசியஸ் அவர்களைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார்.

பிறகு எழுபத்து மூன்று வந்தது. பாணுக்கு வரிசை, சீனிக்கு வரிசை, சீத்தைத் துணிக்கு வரிசை. வரிசையைக் கண்டால் முதலில் நின்றுவிட்டு, என்ன கொடுக்கிறார்கள் என்று பிறகு கேட்பதுதான் அந்த நாளின் நடைமுறை. விடுதிச் சமையல்காரி அருள்மலர் தினமும் காலையில் நிகழ்ச்சி நிரல் வாசிப்பாள்.

“இண்டைக்கு மரவள்ளி, பிறதர். நாளைக்கும் மரவள்ளி. ஞாயிற்றுக்கிழமை விசேசமெண்டபடியால் மரவள்ளி.”

கொழும்பிலிருந்த சபைத் தலைவர் சுவாமி ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்: நத்தார்ப் பண்டிகைக்குள் சோற்றுக்கு வழி இல்லையென்றால் விடுதியை மூடிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இக்னேசியஸுக்கு அதன் அர்த்தம் தெரியும். குச்சவெளிப் பையன் திரும்பிப் போனால் கரைவலையில் கை வைப்பான். பிறகு கொம்பாஸ் பெட்டியில் கை வைக்கமாட்டான்.

பெருநாள் காலையில், தூறிக்கொண்டிருந்த மழைக்குள், அங்கியோடு சேர்த்துத் தைத்த தொப்பியைத் தலைக்கு மேலே இழுத்து விட்டுக்கொண்டு, தலையணை உறையையும் கையில் எடுத்துக்கொண்டு அவர் அரிசி தேடிப் புறப்பட்டார். கடைத்தெருவுக்குப் பின்னால் திரும்பினால் ஒரு வரிசை. ஆட்களின் கையில் பை. வாசலில் அரிசி மூட்டை. நின்றுவிட்டார்.

முன்னால் நின்ற மைமூனா திரும்பிப் பார்த்தாள். “வாப்பா, ஆம்புளையள் அந்தப் பக்கம். இது பொம்புளையள்ட வரிசை.”

“பரவாயில்லையம்மா, கடைசியிலை நிக்கிறன்.”

“கடைசியில நின்டாலும் பொம்புளையள்ட கடைசிதானே?”

அவர் இடம் மாறுவதற்குள் ஸைனுலாப்தீன் ஹாஜியார் கண்டுவிட்டார். கந்தளாயில் வயலும் கிண்ணியாவில் அரிசி மில்லும் உள்ளவர். கையிலிருந்த அரிசி அளக்கும் கொத்து அப்படியே நின்றது.

“ஆரு, பிறதரா? இதென்ன கோலம்?”

“வரிசையைக் கண்டனான், ஹாஜியார். நிண்டிட்டன்.”

“இது பித்றா அரிசி, பிறதர். நோன்பு முடிஞ்சி எங்கட ஏழையளுக்குக் குடுக்கிற. ஒங்களுக்கு இதில அளந்தா, நான் புடிச்ச நோன்பெல்லாம் நடு வானத்தில தொங்கும்.”

இக்னேசியஸின் முகம் சிவந்துபோனது. “மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எங்கட கோயில்லை செவ்வாய்க்கிழமை அந்தோனியார் பாண் குடுப்பம். வாறவை ஆரெண்டு கேக்கிறேல்லை. இதையும் அப்பிடியெண்டு நினைச்சிட்டன்.”

உறையை மடித்துக்கொண்டு திரும்பினார்.

“நில்லுங்க பிறதர்!”

ஹாஜியார் உள்ளே போனார். குசினியில் ஒரு பெண்குரலும் ஓர் ஆண்குரலும் உயர்ந்து, ஆண்குரல் தோற்றதுபோலக் கேட்டது. ஆனால் சிறிது நேரத்தில், பெருநாள் சாப்பாட்டுக்கு எடுத்து வைத்திருந்த அரிசியைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு அவர் வெளியே வந்தார்.

“இது பித்றா இல்ல. என்ட வீட்டுச் சோத்தரிசி. உறையப் புடிங்க.”

மைமூனாவுக்குப் பொறுக்கவில்லை. “நல்ல கதைதான் ஹாஜியார். எங்களுக்கு அளந்து, அவருக்கு அள்ளி!”

அன்று விடுதியில் சோறு. பட்டினத்தில் கதை. இரண்டும் நன்றாக வெந்திருந்தன.

கதை கொழும்பு வரைக்கும் போனது. சபைத் தலைவர் சுவாமி ரயிலில் வந்து இறங்கி, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் கேட்டார்: “நீர் அந்த வரிசையிலை நிண்டது உண்மையோ?”

“ஓம், சுவாமி.”

“தொப்பியோடையோ?”

“மழை தூறினது, சுவாமி.”

“சபையின்ரை மானம் கப்பலேறிப் போச்சு. நீர் என்னோடை கொழும்புக்கு வாரும். விடுதியை மூடுவம்.”

தான் மதம் மாறவில்லை என்று சொல்ல இக்னேசியஸுக்குத் தோன்றவே இல்லை. சம்பூர்ப் பையன்களில் இருவர் அந்த மாதம்தான் இலகு பின்னத்தைத் தாண்டித் தசமத்துக்கு வந்திருந்தார்கள். அவர்களைத் தசமப் புள்ளியிலேயே விட்டுவிட்டு எப்படிப் போவது என்பதுதான் அவருடைய கவலை.

“பிள்ளையளின்ரை சோதினை மட்டும் முடியட்டும், சுவாமி” என்றார்.

சுவாமி நியாயமான மனிதர். ஒரு பக்கக் கதையோடு தீர்ப்பு எழுதுகிறவர் அல்ல. பின்னேரம் கிண்ணியாவுக்குப் போய் மில்லில் ஹாஜியாரையே பிடித்தார்.

“எங்கட சகோதரர் உங்கட மார்க்கத்துக்கு வந்திட்டாரெண்டு ஊர் கதைக்குது, ஹாஜியார். உண்மையைச் சொல்லுங்கோ.”

ஹாஜியார் உமித் தூசியைத் துடைத்துவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். “சுவாமி, அவர் எங்கட ஆளா வந்திருந்தா ஒரு கொத்தை அளந்து குடுத்து அனுப்பியிருப்பன். வேதக்காரரா நின்டதாலதான் என்ட வீட்டுச் சட்டி காலியாச்சி. அன்டைக்குப் பெருநாள் சோறு காணாம மருமகன்மார் ரெண்டு பேர் கோவிச்சிக்கிட்டுப் போனாங்க. அவர் மார்க்கம் மாறியிருந்தா எனக்கு நன்மை கிடைச்சிருக்கும். மாறாம நின்டு, மருமக்கள்ட பகையத்தான் வாங்கித் தந்தார்.”

“அப்ப ஏன் குடுத்தனீங்கள்?”

“பெருநாளன்டு வாசலுக்கு வந்தவரை வெறும் பையோட அனுப்பிப்போட்டு, நான் எந்த முகத்தோட தொழப் போற?”

சுவாமி எழுந்தபோது, விடுதிப் பிள்ளைகளுக்கு மாதம் எவ்வளவு அரிசி தேவை என்று ஹாஜியார் கேட்டார். சுவாமிக்குத் தெரியவில்லை. மூடுவதற்கு வந்தவருக்கு அந்தக் கணக்கு தேவைப்பட்டிருக்கவில்லை.

தீர்ப்பு மறுநாள் வந்தது. ஹாஜியாரின் மில்லிலிருந்து மாதம் ஒரு மூட்டை வரும். விடுதி திறந்தே இருக்கும். இக்னேசியஸ் இங்கேயே இருக்கலாம். ஆனால் இரண்டு கட்டளைகள். இனி எந்த வரிசையிலும் நிற்கக் கூடாது. வெளியே போகும்போது அங்கித் தொப்பியைத் தலையில் போடவே கூடாது. சுவாமி ரயிலேறும்போது இக்னேசியஸ் முழங்காலில் இருந்து அவருடைய கையை முத்தமிட்டார். தசமம் தப்பியது.

மழைக்குக் கட்டளை விளங்குமா? அடுத்த மாரியில் அவர் வெறும் தலையோடு நனைந்து வந்து இருமத் தொடங்கினார். அருள்மலருக்குப் பத்திக்கொண்டு வந்தது.

“அங்கித் தொப்பிதானே போடக் கூடாதெண்டவை? சாக்குப் போடக் கூடாதெண்டு சொன்னவையோ?”

மில்லிலிருந்து வந்த வெறுஞ்சாக்கொன்றை எடுத்து, ஒரு மூலையை மறு மூலைக்குள் தள்ளி, வயல்காரர் போடுவதுபோல அவருடைய தலையில் கவிழ்த்துவிட்டாள். கீழ்ப்படிவு கெடவில்லை, தலையும் நனையவில்லை. முதுகில் மட்டும் சிவப்பு மையில் ஹாஜியாரின் மில் முத்திரை பெரிதாகத் தெரிந்தது.

இறங்குதுறையில் கனகரத்தினம் புதுக் கதையைத் தொடக்கிவிட்டார்: “போன வருசம் மார்க்கத்திலை சேர்ந்தார். இந்த வருசம் மில்லிலை மூட்டை தூக்கச் சேர்ந்திட்டார்!”

மில்லின் வழக்கம், வெறுஞ்சாக்கு திரும்பி வந்தால்தான் அடுத்த மூட்டை. அந்த நாளில் அரிசியைவிடச் சாக்குக்குத்தான் பஞ்சம். மற்றச் சாக்குகள் ஒழுங்காகப் போயின. இந்த ஒன்று மட்டும் போகவில்லை. ஹாஜியார் வழக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி மூட்டையை அனுப்பினார். ஆனால் கணக்கை விடவில்லை. வியாபாரி.

“பிறதர், ஒரு சாக்கு நிலுவையில இரிக்கி.”

“மாரி முடியட்டும், ஹாஜியார்.”

மாரி முடிந்தால் அடுத்த மாரி வரும். இப்படியே வருடங்கள் போயின. தசமம் படித்த சம்பூர்ப் பையன்களில் ஒருவன் வாத்தியாரானான். மற்றவன் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராகி, பிறப்புப் பதிவு திருத்த வருகிறவர்களை நடக்கவைத்தான். எல்லாரையும் நல்லவராக்க ஒரு சகோதரரால் ஏலாது.

1981 மாரியில் இக்னேசியஸ் நெஞ்சுச் சளியோடு படுத்து, பிறகு எழும்பவில்லை. ஹாஜியார் செத்த வீட்டுக்கு வந்து, சவப்பெட்டிக்குப் பின்னால் சேமக்காலை வாசல் வரைக்கும் நடந்தார். அந்த மாதத்து மூட்டை தவறாமல் வந்தது. விடுதிக்குப் புதிதாக வந்த சகோதரர் அதை இறக்கி வைத்தார். வண்டிக்காரன் மட்டும் குசினி வாசலில் தயங்கி நின்றான்.

“ஹாஜியார் ஒரு சாக்குக் கேட்டுவரச் சொன்னார், அக்கா.”

“கழுவிக் காயப் போட்டிருக்கு” என்றாள் அருள்மலர். “காய்ஞ்சதும் தாறன்.”

பங்குனி வந்தது. முற்றத்து மணல் கால் வைக்க முடியாமல் கொதித்தது. வண்டிக்காரன் வந்தான். அவள் கொடியைப் பார்த்தாள், அவனும் பார்த்தான். கொடியில் ஒன்றும் இல்லை.

“இன்னும் ஈரம், தம்பி” என்றாள்.

அவன் போய்ச் சொல்ல, ஹாஜியார் தலையாட்டிவிட்டு, அடுத்த மாதம் மறக்காமல் கேட்டுவரச் சொன்னார்.