காது எட்டாத பிள்ளை

எங்க தோட்டத்து ஆயா மாதிரி ஒரு பொம்பளைய நான் அதுக்கப்புறம் எங்கயும் பார்க்கல. ஆயான்னா பாட்டி இல்ல. தாய்மாருங்க ரப்பர் பால்மரம் சீவப் போனதும் கைக்குழந்தைங்கள வச்சுப் பார்க்கிறதுக்கு எஸ்டேட்டுல போட்ட ஆள். அது வேலை செய்யிற இடம் ஆயாக் கொட்டகை.

பாடாங் மேஹா பக்கத்துல எங்க தோட்டம். வெள்ளைக்காரன் ஆட்சியில அவசரகாலம் வந்ததும், ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்ட்டுங்களுக்குச் சோறு போயிடக் கூடாதுன்னு நாங்க குடியிருந்த லயத்தைச் சுத்தி முள்கம்பி வேலி போட்டுட்டாங்க. அதுக்கு முன்னாடி அம்மா என் தங்கச்சியையும் கையோட கூட்டிட்டுப் போய் மரத்தடியில உட்கார வச்சுக்கும். இப்ப வேலை இல்லாத ஆள் வேலியத் தாண்டக் கூடாதுன்னு உத்தரவு.

தங்கச்சிக்கு எட்டு வயசு இருக்கும். பேச்சு வராது. கூப்பிட்டா திரும்பாது. யார் முகத்தையும் பார்க்காது. கொஞ்சம் வழி கிடைச்சாப் போதும், எடுத்துடும் ஓட்டம். கேட்டுல துப்பாக்கியோட நிக்கிற மத்தா-மத்தா போலீஸ்காரன் நில்லுன்னு கத்தினா அதுக்கு நிக்கத் தெரியாதே. பிள்ளைய சுட்டுடுவானுங்கன்னு அம்மாவுக்கு எப்பவும் ஒரு பயம்.

எங்க வாத்தியார் நல்ல மனுஷர், அதுவும் என்கூடவே பெஞ்சுல உட்காரட்டும்னுட்டார். ஆனா பள்ளிக்கூடம் எவ்வளவு நேரம்? விடியிறப்பவே பெரட்டுல பேர் கூப்பிட்டு ஆள் எடுத்ததும் அம்மா ரப்பர் காட்டுக்குக் கிளம்பிடும். பள்ளி விட்டதும் பால் எடுக்க அம்மாகிட்ட நான் ஓடணும். முன்னாடியும் பின்னாடியும் இதை யார்கிட்ட விடுறது? கயித்துல கட்டிப்போட்டுட்டுப் போ லா, என்ன இப்பன்னு பக்கத்து வீட்டு அக்கா யோசனை சொல்லிச்சு. சொல்றவங்களுக்கு என்ன, வாய் வலிக்குதா?

அம்மா ஆயாகிட்ட போய் நின்னு அழுதுச்சு. "விட்டுட்டுப் போ தாயி, நான் பார்த்துக்கிறேன்"னு சொல்லிட்டு ஆயா பிள்ளைங்களோட துணி ஏணை ஆட்டப் போயிடுச்சு.

அது பார்த்துக்கிட்ட விதம் இருக்கே! தன் முந்தானைய தங்கச்சி இடுப்புல முடிஞ்சுக்கும். பால் கலக்கிறதும் பீத்துணி அலசுறதும் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான். தங்கச்சி ஒரு பக்கம் இழுத்தா ஆயாவும் அந்தப் பக்கம் நாலு எட்டு நடந்துட்டு, அப்புறமா வேலைக்குத் திரும்பும். ஒருநாளும் முந்தானைய வெடுக்குன்னு இழுத்ததில்ல. கொட்டகை முழுக்க ஏணை ஆடும், பாதி ஏணையில அழுகை. நான் வளர்த்தது மூணே பிள்ளை, அதுக்கே முழி பிதுங்கிடுச்சு. அந்தப் பொறுமை அதுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல.

அப்பப் பால்மாவுக்கும் கட்டுப்பாடு. கழுதையாட்டம் வளர்ந்தது பச்சப்பிள்ளைங்க பாலைக் குடிக்குதுன்னு எவளோ ஒரு புண்ணியவதி ஆபீசுல வத்தி வச்சுட்டா. ஒருநாள் மத்தியானம் நான் தங்கச்சியக் கொண்டு வந்து விடுறேன், தோட்டத்து ஆபீசுல கணக்குப் பார்க்கிற பெரிய கிராணி ஆயாவோட பலகையில உட்கார்ந்திருக்கார். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே லயம் அடங்கிடும்.

எங்க ஆளுங்கள்ல பிறந்த தேதி யாருக்குத் தெரியும்? தலைக்கு மேலாகக் கையப் போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொட்டுட்டா பெரிய பிள்ளை, கொட்டகையில இடம் கிடையாது. எட்டலன்னா சின்னது, இருக்கலாம். அதுதான் கணக்கு. தங்கச்சிக்கு நல்ல நீளக் கை. தாராளமா எட்டும்.

"காதைத் தொடு பாப்பம்," என்றார் கிராணி. ஆயா அவசரமா முந்தானைய தங்கச்சி இடுப்புல முடிஞ்சுக்கிச்சு. தங்கச்சி கூரையப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு.

"சொன்னா அதுக்குப் புரியாதுங்கய்யா," என்றது ஆயா.

"இப்பிடி," என்று கிராணியே தன் வலது கையைத் தலைக்கு மேலாகப் போட்டு இடது காதைப் பிடிச்சுக் காட்டினார்.

தங்கச்சி கூரையிலிருந்து கண்ண எடுத்துச்சு. அவர் கையப் பார்த்துச்சு. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துச்சு. சத்தியமாச் சொல்றேன், பெத்த தாய் முகத்தைக்கூட அது அப்படிப் பார்த்ததில்ல. நேரா அவர்கிட்ட போச்சு, ஆயாவும் கூடவே போச்சு. எண்ணெய் வச்சுப் படிய வாரியிருந்த அவர் தலைக்கு மேலாகத் தன் கையப் போட்டு, அவர் விரலுக்குப் பக்கத்துல அவர் காதைப் பிடிச்சுக்கிச்சு.

குடி முழுகிச்சுன்னு நினைச்சேன். கிராணி காதை எவ தொடுவா! ஆயாவும் முந்தானையோட அங்கயே நிக்க, ஏணை ஆட்டக்கூட வேற ஆள் இல்ல.

கிராணி தலைய அசைக்கல. தன் கையை மட்டும் மெதுவாக் கீழ இறக்கினார்.

"தன்ர காது எட்டேல்லைத்தானே?" என்று ஆயாவைக் கேட்டார்.

"எட்டலைங்கய்யா."

"அப்ப சின்னப் பிள்ளைதான். இருக்கட்டும்."

சொல்லிட்டாரே தவிர எழுந்திருக்கல. தங்கச்சி காதை விடுற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.