நின்று பேசுகிற குடும்பம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதம். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்களுக்கு இரண்டாவது மாடியில் குவார்ட்டர்ஸ். கணவருக்கு மைன்ஸில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர் நேராக மேலே வர மாட்டார். முதல் மாடியில் நின்று, எதிர்ப்படுகிறவரிடம் பேச்சுக் கொடுப்பார். யாரும் இல்லாவிட்டால் போனைக் காதில் வைத்துக்கொள்வார். நான் மேலே சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பேன். கோபம் கோபமாக வரும்.

அது அந்தக் குடும்பத்துக்கே உள்ள குணம் என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஊரான மந்தாரக்குப்பத்தில் "நின்னு பேசுறவங்க வூடு" என்றுதான் அடையாளம் சொல்வார்கள். கடைத்தெருவுக்குப் போகிற என் மாமனார், வழியெல்லாம் நின்று நலம் விசாரித்துவிட்டுத்தான் வீடு சேருவார். ஒருநாள் டீக்கடை வாசலில் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார். அறுபதுகூட ஆகவில்லை. "பேசிக்கினே போயிட்டாரு, குடுத்து வச்ச மனுஷன்" என்றார்கள் துக்கத்துக்கு வந்தவர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தச் சித்திரை மதியம், கூட வேலை செய்பவர் பண்ருட்டியிலிருந்து கொண்டுவந்த பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு என் கணவர் படியேறினார். அவ்வளவு பெரிய பழத்தோடு யாரிடம் நின்று பேசுவது? நிற்காமல் வந்தவர், எங்கள் வாசலில் மயங்கி விழுந்தார்.

தண்ணீர் தெளித்ததும் கண் விழித்து, வெயில்தான் என்றார். கீழ்வீட்டுக்காரர் நிலக்கரித் தூசி என்றார். இன்னொருவர் ஷிஃப்ட் அசதி என்றார். எங்கள் ஊரில் உடம்புக்கு எது வந்தாலும் இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பிடிவாதமாகப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனேன்.

இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்த டாக்டரம்மா, தசை தடித்துப் போயிருக்கிறது, இது பரம்பரையாக வரக்கூடியது என்றார். அப்பாவுக்கு நடந்தால் மூச்சு வாங்குமா என்று கேட்டார்.

"இல்லீங்க. அப்பா நல்லா நடப்பாரு. நடுவுல நடுவுல நின்னு நாலு பேருகிட்ட பேசிக்கினு..." என்று ஆரம்பித்த என் கணவர், அப்படியே நிறுத்திவிட்டார்.

என் மாமனார் பேசுவதற்காக நிற்கவில்லை. நிற்பதற்காகத்தான் பேசியிருக்கிறார். அது நோய் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"பிள்ளைங்க இருக்காங்களா?" என்றார் டாக்டரம்மா.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது ஒன்பதாவது படித்தாள், பள்ளியில் கோ-கோ ஆடுவாள். பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் குனிந்து குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வாள். வார்தான் சரியில்லை என்று இரண்டு தடவை புதுச்செருப்பு வாங்கிக் கொடுத்திருந்தேன்.

அவளுக்கும் இருந்தது. ஆரம்பம்தான், மாத்திரையில் சமாளிக்கலாம், ஆனால் ஓடி ஆடக் கூடாது என்றார்கள். வீட்டுக்கு வந்து அவள் அழுததை என்னால் பார்க்க முடியவில்லை. அந்தப் பலாப்பழம் வெட்ட ஆளில்லாமல் மூலையிலேயே கிடந்து அழுகியது.

இப்போது இரண்டு பேருக்கும் மாத்திரை எடுத்து வைக்கிறேன். புதுச்சேரி பஸ்ஸில் போவதும் வரிசையில் உட்காருவதும் பழகிவிட்டது. பழகினாலும் சலிப்புத்தான், பொய் சொல்வானேன்.

என் நாத்தனார் மட்டும் ஸ்கேனுக்கு வர மறுக்கிறார். "எங்க வூட்ல யாருக்கும் அப்படி ஒண்ணும் இல்ல அண்ணி" என்பார். எங்களைப் பார்க்க வந்தால் முதல் மாடியிலேயே நின்றுகொண்டு, கீழ்வீட்டு அம்மாவோடு வெகுநேரம் பேசுவார். நானும் இறங்கிப் போய்ப் பக்கத்தில் நிற்பேன். அவர் சிரித்துச் சிரித்து ஏதேதோ சொல்வார். எதுவும் என் காதில் ஏறாது. யார் வழியில் நின்று நலம் விசாரித்தாலும், பதில் சொல்லும் முன் அவர்களுக்கு மூச்சு வாங்குகிறதா என்றுதான் இன்றைக்கும் என் கண் பார்க்கிறது.