ஆளில்லாத மாட்டுத்தோல்

சுவிஸின் இன்டர்லாக்கனில் நான் வேலை செய்யும் ஹோட்டல் சமையலறைக்கு, கென்யாவிலிருந்து படிக்க வந்த மசாய் இளைஞன் ஒருவன் பயிற்சிக்கு வந்திருந்தான். அங்கே வேலைசெய்யும் எங்கள் தமிழாட்களைப் பார்த்து என்னை ‘அக்கா’ என்பான், மற்றதெல்லாம் ஜெர்மனில்தான்.

ஒரு மதியம் கைபேசியை நீட்டினான். திரையில், ஊரில் அவனோடு போர்வீரர்களாக வளர்ந்தவர்களின் நீண்ட முடியைத் தாய்மார் மழித்துக்கொண்டிருந்தார்கள். அது நடந்தால்தான் அவர்கள் பெரிய ஆட்கள். இவனுக்குப் பரீட்சை, போகவில்லை. இவனுடைய தாய் கத்தியோடு காத்திருந்தாள். மகனை இருத்தி மழிக்க முன்னால் விரித்த மாட்டுத்தோலில் ஆளில்லை.

“நான் வழிச்சுவிடட்டோ, தம்பி?” என்று கேட்டுவிட்டேன்.

சமையல் தொப்பியைக் கழற்றினான். “வழிக்க என்ன இருக்கு, அக்கா? பள்ளியில சேரேக்கையே வெட்டிப்போட்டன்.”

திரையில் தாய் கத்தியைத் துடைத்தாள். தோலைச் சுருட்டவில்லை.

பரீட்சையென்றால் செத்தவீட்டுக்கும் பிள்ளையை அனுப்பாத சனம் நாங்கள். அவளுக்கு நான் என்ன சொல்ல?