பின்பாட்டுக் கணேஸ்

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு வெளியே, மடுல்கெல்ல பஸ் வந்து நிற்கும் பக்கமாக ஒரு சிவப்பு ஆட்டோ நிற்கும். உங்களுக்கு அவசர வேலை ஏதும் இருந்தால் அதில் ஏறாதீர்கள். கணேஸ் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் இறங்க விடமாட்டார். வண்டியை ஓரங்கட்டி, ஃபோனை எடுத்து, "இந்தப் புள்ளையத் தெரியுமாங்க?" என்பார். தெரியும் என்றால், "எம் மகதான்!" என்று ஆரம்பித்து அடிமுதல் சொல்வார். தெரியாது என்றால் முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுத்தான் நீங்கள் வேலைக்குப் போகலாம். சிங்களப் பயணி என்றால் சிங்களத்தில் சொல்வார். வெள்ளைக்காரர் என்றால் கையாலும் தலையாலும் சொல்வார்.

தெரியாது என்று சொல்பவர்கள் இப்போது குறைவு. கடுகண்ணாவை ஏற்றத்தில் பஸ் முக்கி முனகி ஏறும்போது அதன் ஸ்பீக்கரில் பாடுவது லோஜினிதான். சந்தையில் மரக்கறி நிறுக்கும் இடத்திலும் அவள்தான், கல்யாண மண்டபத்திலும் அவள்தான். பதினாலு வயது. உடன் பாட ஆளில்லை, தனிக் குரல். அந்தக் குரலை முதன்முதலாகக் கேட்பவர்கள் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவதைக் கணேஸ் கண்ணாடியில் பார்த்து ரசிப்பார்.

ஆனால் கணேஸ் சொல்லும் கதையில் ஓர் ஓட்டை இருக்கிறது. அந்தப் பாட்டைப் பதிவு செய்த நாளில் அவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் அடித்த கூத்தை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. வெட்கம். ஆகவே அதை வேறு யாராவதுதான் சொல்லியாக வேண்டும்.

கணேஸ் பிறந்தது மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயம் எனும் வரிசை வீடுகளில் ஒரு காம்பராவில். பதினாறு வயதில் கண்டிக்கு வந்து புடவைக் கடையில் துணி மடித்தார். பிறகு ஆட்டோ, பிறகு தவமணியோடு கல்யாணம், பிறகு மஹய்யாவையில் வாடகை வீடு, ஒரே மகள். இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்டால், ஒன்றுமில்லைதான். ஆனால் மார்கழி பிறந்துவிட்டால் மனிதரைக் கண்டியில் பிடிக்க முடியாது. சவாரியாவது மண்ணாவது என்று ஆட்டோவைத் தோட்டத்துக்கே ஓட்டிக்கொண்டு போய்விடுவார். பஜனைக்கு.

விடிவதற்கு முன், குளிரில் பல் தந்தியடிக்க, ஒரு கூட்டம் விளக்கும் தாளமுமாக லயம் லயமாகச் சுற்றி வரும். முன்னால் போகிறவர் ஓர் அடி பாடுவார். பின்னால் வருகிறவர்கள் அதே அடியைத் திருப்பிப் பாடுவார்கள். அது முடிந்த பிறகுதான் அவர் அடுத்த அடிக்குப் போவார். முதலடி எடுப்பவர் கறுப்பையா. திருப்பிப் பாடும் கூட்டத்தில் முதல் ஆள் கணேஸ். அவர் குரல் எழும்பினால் தூங்குகிற தோட்டம் எழுந்து உட்கார்ந்துவிடும். பின்பாட்டுக் கணேஸ் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

ஒரு வருடம் கறுப்பையாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "இன்னைக்கு நீ எடுடா கணேசு" என்று கரகரத்தார். கணேஸ் முன்னால் போய் நின்றார். பிறந்ததிலிருந்து பாடுகிற பாட்டு. வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது. பின்னால் அத்தனை பேரும் காத்து நிற்கிறார்கள். எதிரே இருட்டும் பனியும் தவிர யாருமில்லை. கடைசியில் பின்னாலிருந்து ஒரு பெண் பொறுக்க மாட்டாமல் அடியை எடுத்துவிட, பஜனை நகர்ந்தது. கணேஸ் தலையைக் குனிந்துகொண்டு பின்வரிசைக்குப் போனார். அங்கே போனதும் குரல் பழையபடி கணீரென்று வந்துவிட்டது! முன்னால் ஆளில்லாத இடத்தில் நின்று முதல் சொல்லை எடுப்பவர்கள் வேறு பிறவி என்று அன்றே முடிவு செய்துகொண்டார். அதற்குப் பிறகு அவரை யாரும் கேட்கவுமில்லை.

லோஜினி பாடக் கற்றது அப்பாவின் தோளில் உட்கார்ந்து. கறுப்பையா ஓர் அடி விடுவார், கீழே அப்பா திருப்புவார், மேலே மகள் திருப்புவாள். எட்டு வயதில் பள்ளிக்கூட விழா ஒன்றில் அவள் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து பாடியதை இப்திகார் கேட்டார். கட்டுகஸ்தோட்டையில் கூரை ஓடு விற்கும் கடைக்கு மேல்மாடியில் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவர், மெட்டும் போடுவார். ஐந்து சின்னப் பிள்ளைகளைச் சேர்த்து, ஆளுக்கொரு நிறத்தில் சட்டை போட்டு, 'கலர் பென்சில்' என்று ஒரு குழு ஆரம்பித்தார். சிவப்புச் சட்டை இல்மா முன்னால் நின்று பாடுவாள். மற்ற நாலு பேரும் அவளுக்குப் பின்னால். பச்சைச் சட்டைதான் லோஜினி.

பள்ளிக்கூட வேன் பற்றி அவர்கள் பாடிய பாட்டு நாடெங்கும் பிய்த்துக்கொண்டு போனது. அதைப் போடாமல் பிறந்தநாள் கேக் வெட்டியவர்கள் உண்டா? தொலைக்காட்சி, கொழும்பு, மட்டக்களப்பு என்று பிள்ளைகள் பறந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஓர் அம்மா லோஜினியின் கன்னத்தைப் பிடித்து, "ஓம், இந்தப் பச்சைச் சட்டைப் பிள்ளைதான்!" என்று ஊரைக் கூட்டிவிட்டார். கணேஸுக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்டோவின் பின்பக்கம் முழுக்க ஐந்து பென்சில்களை வரைந்துகொண்டார். அதில் பச்சைப் பென்சில் மட்டும் சற்றுப் பெரிதாக இருந்தது தற்செயல் என்று இன்றும் சாதிப்பார்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். இல்மாவின் வாப்பாவுக்குக் கட்டாரில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார்கள். மற்றவர்களின் வீட்டில் பரீட்சை, டியூஷன் என்று நிறுத்திவிட்டார்கள். பென்சில் பெட்டியில் மிஞ்சியது பச்சை ஒன்றுதான். அப்போது அவளுக்குப் பதின்மூன்று. இப்திகார் கணேஸைக் கூப்பிட்டுப் பட்டென்று சொன்னார்.

"லோஜினிய வெச்சித் தனியா ஒரு பாட்டு செஞ்சி பாப்பம், கணேஸ். சரி வந்தா அல்ஹம்துலில்லாஹ். வரல்லாட்டி இதோட விட்டுட்டுப் புள்ள படிக்கட்டும். குழந்தையா ஈக்கக்குள்ள கேட்ட சனம், வளந்தா ரெண்டாம் தரம் சந்தர்ப்பம் தராது."

அன்றிலிருந்து கணேஸுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் இதுவரை ஒருமுறைகூட முதலடி எடுத்ததில்லை. தோளில் இருந்தபோதும் பின்பாட்டு, மேடையிலும் பின்பாட்டு.

"எந் தொண்டையே அவளுக்கும் வந்திருந்தா என்னா செய்யிறது, தவமணி?" என்று மனைவியிடம் கேட்டார்.

"ஒங்க மூக்கு வந்திருக்கு. அதோட நிக்கும். சாப்புடுங்க" என்றாள் தவமணி.

பதிவு நாள் வந்தது. கண்ணாடி அறைக்குள் லோஜினி, காதில் ஹெட்ஃபோனோடு நின்றாள். வெளியே கருவிகளுக்கு முன்னால் இப்திகார். ஓரத்து வாங்குப் பலகையில் கணேஸ், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொழுந்து எடுக்கும் தாய்க்காக மழையிடம் ஒரு பிள்ளை கெஞ்சுகிற பாட்டு அது. வாத்தியம் தொடங்கியது.

"கொஞ்சம் நில்லு மழையே..."

முதலடி வந்துவிட்டது! கணேஸ் பாதி எழுந்துவிட்டார். ஆனால் அந்த அடியோடு லோஜினி நின்றாள். வாத்தியம் அவளை விட்டுவிட்டு ஓடியது. அவள் இரண்டாம் அடியைத் தொட்டபோது பாட்டு எங்கேயோ போயிருந்தது. மறுபடி ஆரம்பித்தார்கள், மறுபடி அதே இடத்தில் நின்றாள். இப்திகார் கை காட்டினால் தொடங்கினாள்தான், ஆனால் குரல் பாடம் ஒப்பிக்கிற குரலாகிவிட்டது. மத்தியானம் ஆயிற்று. வாங்கியிருந்த பால் தேநீர் ஆடை படிந்து கிடந்தது.

என்ன நடக்கிறது என்று கணேஸுக்கு முதல் தடவையே தெரிந்துவிட்டது. அவள் நிற்கிற நேரம், பின்னால் நிற்பவர்கள் எதிரடியாக அதையே திருப்பிப் பாடி முடிக்கிற நேரம். வாய்விட்டுச் சொல்ல அவருக்குப் பயம். சொன்னால், தான் பயந்ததெல்லாம் உண்மை என்றாகிவிடும். கடைசியில் மகளே சொல்லிவிட்டாள்.

"மாஸ்டர், நான் பாடுறேன், யாருமே திருப்பிப் பாட மாட்டேங்கிறாங்க. கெணத்துல கல்லப் போட்டுட்டுச் சத்தமே வராத மாதிரி இருக்கு. எங்கப்பா உள்ள வந்து நிக்கட்டுமா?"

இப்திகார் பெருமூச்சு விட்டார். "சரி, வாத்தியத்தையும் நிப்பாட்டுறேன். நீ ஒன்ட போக்குல பாடு, நான் பொறகு ஒனக்குப் பின்னால மியூசிக் போட்டுக்கிறேன். ஆனா கணேஸ், ஒங்கட மூச்சுச் சத்தமும் கேக்கப்படாது."

கணேஸ் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவதுபோல உள்ளே போனார். லோஜினி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு முதலடியை விட்டாள். அது முடிந்தது. அவ்வளவுதான், "கொஞ்சம் நில்லு மழையே!" என்று கணேஸ் அடித்தொண்டையிலிருந்து எடுத்த எதிரடியில் கண்ணாடி அதிர்ந்தது.

"யா அல்லாஹ்!" என்று இப்திகார் ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தார். "என்ன கணேஸ் நீங்க! வாயப் பொத்திக்கிட்டு ஈக்க ஏலாதா?"

"மன்னிச்சிக்கங்க மாஸ்டர். நான் பாடலிங்க, அது தானா வந்திருச்சு."

இரண்டாம் முறை கையால் வாயைப் பொத்திக்கொண்டார். விரல் இடுக்கு வழியாக வந்துவிட்டது. லோஜினி விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அப்போதுதான். மூன்றாம் முறை கணேஸ் சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்தார். வண்டிக் கண்ணாடி துடைக்கிற, பெற்றோல் வாடை வீசும் கைத்துணி. அதைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு தலையாட்டினார்.

லோஜினி பாடினாள். எதிரடி கணேஸின் நெஞ்சிலிருந்து கிளம்பி, தொண்டைக்கு வந்து, துணியில் முட்டி நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. மகள் அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நரம்பு எழும்பி அடங்கியதும் அடுத்த அடியை எடுத்தாள். எழும்பி அடங்கியது, அதற்கடுத்த அடி. அப்புறம் எந்த இடத்தில் என்று தெரியாது, அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கழுத்தையும் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. இடைவெளியில் நின்றாள், ஆனால் இப்போது அது தவிப்பில் நிற்கிற நிற்பு அல்ல. யாரோ பாடி முடிப்பதைக் கேட்டுவிட்டு, உரிய நேரத்தில் அடுத்த அடியை எடுத்தாள்.

கணேஸுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இது தன் மகள்தானா? காலையில் இடியப்பத்துக்குச் சம்பல் உறைப்பு என்று அழுத பிள்ளையா? அவளுக்கு முன்னால் யாருமில்லை, ஒருவருமில்லை, ஆனால் குரல் போய்க்கொண்டே இருந்தது. தன்னால் ஓர் அடி எடுத்து வைக்க முடியாத இடத்துக்குள் அவள் விறுவிறுவென்று நடந்துபோவதை அவர் வாயில் பெற்றோல் நாற்றத்தோடும் கண்ணில் நீரோடும் பார்த்துக்கொண்டு நின்றார். பாட்டு முடிந்த பிறகும் லேஞ்சியை எடுக்க மறந்துவிட்டார். இப்திகார் வந்துதான் எடுத்துவிட்டார்.

அந்த இடைவெளிகளில் புல்லாங்குழல் வைத்துப் பார்த்தார் இப்திகார். வயலின் வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தாளம் காட்டத் தப்புப் பறை ஒன்றின் அடியை மட்டும் மெல்ல விட்டார். "அது ஒங்கட எடம், கணேஸ். வேற யாரையும் உக்காத்த மனசு வரல்ல" என்றார்.

பாட்டு வெளியான பிறகு நடந்தது யாரும் எதிர்பாராதது. கேட்டவர்களுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அந்த இடைவெளி வந்ததும் ஆளாளுக்குத் திருப்பிப் பாடினார்கள். மடுல்கெல்ல பஸ்ஸில் கொண்டக்டர் முதற்கொண்டு பாடினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மைதானத்தில் நின்று பாடி ஃபோனில் பிடித்துப் போட்டார்கள். தமிழ் ஒரு சொல் தெரியாதவர்களும் அந்த ஓரடியைத் தெரிந்துகொண்டார்கள். கொழும்பிலிருந்து பெரிய கம்பனி வந்தது, அவள் பெயரிலேயே ஓர் இசைத்தொகுப்பு வந்தது, அதற்குப் பிறகு கண்டியில், திறந்த மைதானத்தில், அவளுடைய தனி நிகழ்ச்சி.

கணேஸுக்கு முதல் வரிசையில் கதிரை போட்டிருந்தார்கள். ஆனால் அவர் ஆட்டோவை நிறுத்த இடம் தேடி அலைந்து திரும்புவதற்குள் உள்ளே நுழைய வழியில்லை. தவமணி முன்னால் உட்கார்ந்திருக்க, இவர் கடைசியில், கூட்டத்தோடு கூட்டமாக மாட்டிக்கொண்டார். சாயங்காலத்து மழை பிடித்துக்கொண்டது. மழையை நிற்கச் சொல்லும் பாட்டைக் கேட்க வந்த கூட்டத்தைக் கண்டி மழை பொருட்படுத்தவே இல்லை. ஒருவரும் அசையவில்லை.

தூரத்தில், அத்தனை பெரிய மேடையில், பச்சை உடுப்பில் ஒரு சின்ன உருவம் தனியாக வந்து நின்றது. கணேஸின் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குள் லேஞ்சியைத் தேடியது.

"கொஞ்சம் நில்லு மழையே..."

மைதானம் முழுவதும் திருப்பிப் பாடியது. குடைக்குள் நின்றவர்கள், மதில் மேல் இருந்தவர்கள், வாசலில் நின்ற சிங்களப் பொலிஸ்காரர், எல்லோரும் ஒரே குரலாக. அந்தச் சத்தம் மலைவரை போய்வந்தது. கணேஸ் வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்கு எதிரடி வரவில்லை. மேடையில் அவள் அடுத்த அடியை எடுத்தாள், மறுபடி மைதானம் பாடியது, மறுபடியும் இவர் வாயைத் திறந்தபடி மழையில் நின்றார்.

பக்கத்தில் குடை பிடித்திருந்த பெண் அவரைத் திரும்பிப் பார்த்தாள். தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"என்னாண்ணே, மரம் மாதிரி நிக்கிறீங்க? நம்ம புள்ள பாடுது. அது ஒத்தையில நிக்குதுல்ல, நாமதான் திருப்பிப் பாடணும்."

ஏறுகிற ஒவ்வொரு பயணியிடமும் "எம் மகதான்" என்று சொல்கிற மனிதர், அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லவில்லை. "சரிங்க" என்றார். அடுத்த அடி வந்தபோது அவரும் சேர்ந்துகொண்டார்.