தரைக்கடியிலிருந்து வந்த மூச்சு

பெங்களூரை ஒட்டிய அத்திபெலேயில் வீடு கட்டும்போது ஏ.சி. வேண்டாம் என்று முடிவு செய்தோம். தோட்டத்து மண்ணுக்கடியில் பெரிய குழாய் புதைத்து, அதன் வழியே குளிர்ந்த காற்று ஹாலுக்கு வரும்படி எஞ்சினியர் அமைத்துக் கொடுத்தார். ஹால் மூலையில், தரையோடு தரையாக, காற்று வர இடைவெளி விட்ட ஒரு மரச்சட்ட மூடி. தோட்டத்துப் பக்கம் குழாய் வாய்க்கு வலை போடச் சொல்லியிருந்தார். பெயின்ட் வேலை முடியட்டும் என்று நாங்கள்தான் தள்ளிப்போட்டோம்.

குடிவந்த மூன்றாம் நாள் மதியம், என் ஆறு வயது மகள் அந்த மூடியில் காதை வைத்துப் படுத்திருந்தாள்.

"மம்மி, உள்ள யாரோ மூச்சு விடறாங்க."

"காத்துதான்டா கண்ணு" என்றேன்.

மறுநாளும் அங்கேயே படுத்துக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

"யார்கிட்ட பேசற?"

"அதுகிட்டதான். அது பேசாது மம்மி. தட்டினா பெருசா மூச்சு விடும்."

தட்டிக் காட்டினாள். வெளியே ஓர் இலைகூட அசையவில்லை. தரைக்கடியிலிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. செல்போன் டார்ச்சை அடித்தேன். சட்டத்துக்கு ஒரு சாண் கீழே, படமெடுத்த தலை.

மகளை வாரிக்கொண்டு வெளியே ஓடினேன். பாம்பு பிடிப்பவர் வந்து அதை வெளியே எடுத்தார். "நாகரஹாவு மேடம், நல்ல பாம்பு. குளுகுளுன்னு இருக்கேன்னு இங்கயே தங்கிடுச்சு" என்றார். அந்தச் சட்டத்தின் இடைவெளியில் என் மகளின் விரல்கள் தாராளமாக நுழையும்.

அன்று மாலையே இரு முனையிலும் வலை அடித்தோம். இப்போதெல்லாம் மகள் எதைச் சொன்னாலும், எழுந்து போய்ப் பார்த்த பிறகுதான் பதில் சொல்கிறேன்.