கோணல் சிலுவை

குருத்தோலை ஞாயிறன்று கையில் வாங்கிய ஓலையைச் சிலுவையாக முடைவது எங்கள் கடற்கரையில் எல்லாருக்கும் உள்ள பழக்கம். என் வீட்டுக்காரருக்கு எப்பேர்ப்பட்ட வலைக் கிழிசலையும் முடியத் தெரியும், ஓலை மட்டும் வசப்படாது. போன வருடம் அவர் முடைந்த சிலுவையில் ஒரு கை மேலே ஏறி நின்றது. இதைப் பார்த்தால் ஆண்டவரே சிரிப்பார் என்று கோவில் முற்றத்தில் வைத்தே கேலி செய்தேன்.

“அடுத்த வருசம் நேரா முடஞ்சு தாறேன், ஏட்டி” என்றார். பாக்கத்தானே போறோம் என்றேன் நானும். வீட்டில் என் சிலுவையையும் அவருடையதையும் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

ஆடி மாதம், கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

சாம்பல் புதனுக்கு முன்னால் வீட்டிலுள்ள பழைய ஓலைகளைக் கோவிலில் கொடுக்க வேண்டும். அவற்றை எரித்துத்தான் நெற்றியில் பூசச் சாம்பல் எடுப்பார்கள். என்னுடையதைக் கொடுத்துவிட்டு அவருடையதை வைத்துக்கொள்ள நினைத்திருந்தேன். அதை ஒருத்தரிடமும் சொல்லாதது என் தப்பு. சனிக்கிழமை நான் மீன் விற்கப் போயிருந்த நேரத்தில் மகள் இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

கோவிலுக்கு ஓடினேன். உபதேசியார் சாம்பலைச் சலித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஓலை எங்கே என்று கேட்டேன். பாவம், அவர் சல்லடையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

வந்த கோபத்தை மகள்மேல் கொட்டினேன். “அப்பா கைப்பட செஞ்சதுல மிஞ்சுனது அது ஒண்ணுதான். அதையும் தீயில போட்டாச்சு இல்லியா?” அதற்குப் பிறகு நாலு நாள் நான் அவளிடம் பேசவில்லை.

புதன் காலைப் பூசையில் சாமியார் மனிதனின் ஆயுளைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். நான் மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பங்குனியில் வெட்டிய ஓலை மாசி வரை இருந்தது. அந்த ஓலை இருந்த அளவுகூட அவர் இருக்கவில்லை. அடுத்த வருடம் என்று எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். நானும் அதை நம்பிக்கொண்டுதான் நின்றேன். இதில் இருக்கிற ஒரே மகளிடம் நாலு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறேன், நான் என்னமோ நூறு வருடம் இருக்கப்போகிறவள் மாதிரி.

வரிசையில் அவள் எனக்கு முன்னால் நின்றாள். சாமியார் அவள் நெற்றியில் பூசினார், அதே கிண்ணத்தில் விரலைத் தொட்டு என் நெற்றியிலும் பூசினார். திரும்பி வரும்போது பார்த்தேன், ஊர் முழுக்க நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் குழாயைத் திறந்து குனிந்தாள்.

“மொகம் கழுவாத மக்கா” என்றேன். “அப்பாக்க ஓலயும் அதுல இருக்கும்.”

அவள் குழாயை மூடினாள்.