அத்தானின் செலிக்காவுக்கு ஒரு எஞ்சின்

என் அக்கா கேதீஸ்வரி ஆரையம்பதியில் பள்ளிச் சீருடை தைத்துப் பிழைக்கிறாள். ஐம்பத்திரண்டு வயது. பிடிவாதம் மட்டும் இன்னும் இளமையாக இருக்கிறது. 2008 மாசியில், புளியந்தீவுக்குப் போய் வருகிறேன் என்று சைக்கிளில் புறப்பட்ட அவள் புருஷன் உதயரூபன் திரும்பவில்லை. பெற்றோல் இல்லாததால் அன்று அவர் காரை எடுக்கவில்லை. சிவப்பு நிறச் செலிக்கா, இரண்டு கதவு, எண்பத்துநாலாம் ஆண்டு மொடல். அவர் பெயரில் இருந்த ஒரே சொத்து அதுதான்.

"கிழமைக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணு, ரேடியேட்டருக்குத் தண்ணி பாத்து ஊத்து" என்று அத்தான் முன்பே சொல்லி வைத்திருந்தார். பதினேழு வருடம் அக்கா ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை, காய்ச்சலிலும் எழும்பிப் போனாள். ஆனால் ஆள் காணாமல் போனவர் என்று ஒரு பத்திரம் எடு என்றால் எழும்பித் தையல் மெஷினுக்குப் போய்விடுவாள். அதிகாரிகள் சொன்னார்கள், நான் கத்தியே சொன்னேன். அவள் எதிலும் கையெழுத்து வைக்கவில்லை.

இந்த ஆனியில் கார் நின்றுவிட்டது. காத்தான்குடி மெக்கானிக் மின்ஹாஜைக் கூட்டி வந்தேன். அவன் எஞ்சினை இறக்கி, அதன் இரும்பு உடலான புளொக்கை விரலால் சுரண்டினான். துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் வெடிப்பு.

"எந்தத் தண்ணி அக்கா ஊத்தின நீங்க?"

"எங்கட கிணத்துத் தண்ணிதான்."

வாவிக்கரைக் கிணறு. அந்த உப்புத் தண்ணீரில் நாங்கள் தேநீர்கூட வைப்பதில்லை. அத்தான் காருக்கென்று சந்திக் குழாயில் கேனில் தண்ணீர் பிடித்து வருவதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அதை அக்காவிடம் சொல்ல எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

"நானே அரிச்சுப் போட்டன்" என்றாள் அக்கா.

மின்ஹாஜ் பேச்சை மாற்றினான். கொழும்பில் இதே வகை எஞ்சின் ஒன்று கிடக்கிறதாம், ஆனால் தேய்ந்தது. பழைய வேன் எஞ்சின் என்றால் நல்ல இழுவை, ஆனால் எஞ்சினைத் தாங்கும் மவுண்டை வெட்டி ஒட்ட வேண்டும். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு துருவித் துருவிக் கேட்டாள். எது சத்தம் குறைவு? எது அவருக்குப் பிடிக்கும்? அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்து வருடக்கணக்காகிறது.

"எதைப் போட்டாலும் எஞ்சின் நம்பர் மாறும் அக்கா. கார்ப் புத்தகத்தில பேர் உள்ளவர் கையெழுத்து வைக்கணும். இல்லாட்டி ஆள் காணாமப் போனவர் எண்ட பத்திரம் கேப்பாங்க."

அக்கா எழுந்து நின்றாள். "அப்ப பழையதையே உள்ள வையுங்க."

"ஓடாதே அக்கா."

"ஓடாட்டி என்ன? எந்த எஞ்சின் எண்டு அவர் வந்து சொல்லட்டும்."

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. "அத்தான் வரமாட்டார்!" என்று கத்திவிட்டேன். அந்த வீட்டில் அந்த வார்த்தையைச் சொன்ன முதல் ஆள் நான்தான்.

அக்கா அழவில்லை. உள்ளே போய், அந்தப் பத்திரத்துக்கென்று நான் போன வருடம் கொண்டுவந்து கொடுத்த விண்ணப்பத்தையும் பேனையையும் எடுத்து வந்தாள்.

"உனக்கு நிச்சயம் எண்டா நீ வை கையெழுத்து. மனுசியிட கூடப்பிறந்தவனும் வைக்கலாமாம்."

பேனையைத் திறந்தேன். அவர் பெயர் எழுதினேன். கடைசியாகக் கண்ட திகதியையும் எழுதினேன். சைக்கிளில் ஏறும்போது, பின்னேரம் வந்து காரில் ஒரு சுற்றுப் போவோம் என்று அவர் என்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தத் திகதிக்குக் கீழே கையெழுத்து வைக்க என்னால் முடியவில்லை. பதினேழு வருடம் அவளைத் திட்டிய எனக்கு முடியவில்லை.

மின்ஹாஜ் பழைய எஞ்சினை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனான்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் சந்திக் குழாயில் ஒரு கேன் நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டு போனேன். அக்கா பொனட்டைத் திறந்தாள்.